அச்சம் உடலில் செய்யும் வேலை

(வெள்ளி விழாக் கருத்தரங்கில், மாணவர் இல்லத்தின் முதல் அணி மாணவர்கள் சார்பில் ஆற்றிய உரை)

 

இவ்வில்லத்தில் முதல் அணியில் தங்கிப் பயின்ற எங்களுள் சிலர் இன்று ஆசிரியர்களாகவும், செவிலியர்களாகவும், ஆய்வுக்கூடப் பணியாளர்களாகவும் இருக்கின்றோம். உடல்நலம் பற்றி ஏதேனும் பேசுக என்று விழாக் குழுவினர் பணித்தனர். கொதித்தாறிய நீரைப் பற்றியும், கை கழுவுவதைப் பற்றியும் இம்மேடையில் பலர் பலமுறை பேசிவிட்டனர். ஆகவே, எவரும் கண்ணால் காணாத, ஆயினும் இங்கு அமர்ந்துள்ள ஒவ்வொருவர் குருதியிலும் இந்நேரம் ஓடிக்கொண்டிருக்கின்ற இரண்டு பொருள்களைப் பற்றிப் பேச எண்ணினோம். ஒன்று அட்ரினலின், மற்றொன்று கார்டிசால். இவ்விரண்டும் ஹார்மோன்கள், அதாவது சுரப்பிகள் நேரே குருதியில் கலந்துவிடும் ஊக்குநீர்கள். மேடையேறிய எங்கள் குருதியில் அவை சற்று மிகுதியாகவே ஓடுகின்றன என்பதை எங்கள் உள்ளங்கை வியர்வை உணர்த்துகின்றது.

முதலில் ஒரு மாணவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரட்டைமலை சீனிவாசனார் 1939-ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் வாழ்க்கை வரலாற்றுச் சுருக்கத்தில், கோயமுத்தூரில் தாம் பயின்ற நாட்களைக் குறிப்பிடுகின்றார். அக்கலாசாலையில் ஏறத்தாழ 400 மாணவர்கள். அவர்களுள் பத்துப் பேர் நீங்கலாக மற்றையோர் பிராமண வகுப்பினர். எவரோடேனும் நட்புக் கொண்டால் தம் குலமும் இருப்பிடமும் வெளிப்பட்டுவிடும், வெளிப்பட்டால் தாழ்வாக நடத்துவர் என்று அஞ்சி, அவர் பள்ளிக்கு வெளியே எங்கேனும் இருந்து படித்துக்கொண்டிருப்பார். தொடக்க மணி அடித்த பின்னரே வகுப்பினுள் நுழைவார். வகுப்பு கலைந்ததும், பிற மாணவர் தம்மை எட்டாதபடி விரைந்து நடந்து வீடு சேர்வார். உடன் பயில்வோருடன் கூடி விளையாட இயலாத கொடுமையை எண்ணி எண்ணி மனம் கலங்கியதையும் எழுதியிருக்கின்றார். 1930-இல் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கருடன் அமர்ந்து நம் மக்களுக்காக வாதாடிய அதே பெரியார்தாம் இவர்.

அவர் விவரிப்பது நடந்துவிட்ட இழிவையன்று, நடக்கக்கூடிய இழிவை. ஒவ்வொரு நாளும், மணி அடிப்பதற்கு முன்பும் கலைந்த பின்பும், ஓர் இளைஞர் தம்மைத் தாமே காவல் காத்துக்கொண்டிருந்தார். அந்தக் காவல் அவர் மனத்தோடு நின்றிருக்க இயலாது. உடல் அதற்கு என்ன விலை கொடுக்கின்றது என்பதே எங்கள் பேச்சு.

சிறுநீரகங்கள் இரண்டின் தலைமேலும் தொப்பி கவிழ்த்தாற்போல் ஒவ்வொரு சுரப்பி அமர்ந்திருக்கின்றது. அட்ரினல் என்பர். ஒன்றின் எடை 5 கிராம் அளவே. அதன் உட்பகுதியாகிய அகணி அட்ரினலினைச் சுரக்கின்றது. வெளிப்பகுதியாகிய புறணி கார்டிசாலைச் சுரக்கின்றது. வயல் வரப்பில் நடந்து செல்பவர் காலடியில் பாம்பு நெளிகின்றது எனக் கொள்வோம். கண் கண்ட செய்தி மூளைக்கு எட்டி, நரம்பு வழியே அகணியைத் தட்டுகின்றது. நொடிப்பொழுதில் அட்ரினலின் குருதியில் கலக்கின்றது. நெஞ்சு படபடக்கின்றது, மூச்சுக் குழல்கள் விரிகின்றன, கண்ணின் பாவை அகல்கின்றது, கல்லீரல் தான் சேமித்து வைத்திருந்த சர்க்கரையை அவிழ்த்துவிடுகின்றது. குடலுக்கும் தோலுக்கும் செல்ல வேண்டிய குருதி தசைகளுக்குத் திருப்பப்படுகின்றது. வாய் உலர்வதும் வயிற்றில் ஏதோ புரள்வதும் அதனால்தான். எதிர்த்துப் போரிடுவதற்கோ தப்பி ஓடுவதற்கோ உடல் செய்துகொள்ளும் ஏற்பாடு இது என்பதை ஹார்வர்டு பல்கலைக்கழகத்து வால்ட்டர் கேனன் என்னும் அறிஞர் 1915-இல் எழுதிய நூலில் விளக்கினார்.

அட்ரினலின் வந்த வேகத்திலேயே சில நிமிடங்களில் அழிந்துவிடும். அதன்பின் வருவது கார்டிசால். மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைப்போதலாமஸ், பட்டாணி அளவேயான பிட்யூட்டரி சுரப்பிக்கு ஆணையிடும். பிட்யூட்டரி அட்ரினலின் புறணிக்கு ஆணையிடும். ஆகவே பாம்பைக் கண்ட இருபது முப்பது நிமிடங்களுக்குப் பின்னரே கார்டிசால் உச்சத்தை எட்டுகின்றது. செலவழிந்த சர்க்கரையை ஈடுகட்டுவதும், அழற்சியையும் நோய் எதிர்ப்பு வேலையையும் அடக்கி வைப்பதும், இப்போதைக்குத் தேவையற்ற செலவுகளை நிறுத்துவதும் அதன் தொழில். வீட்டில் திடீர்ச் செலவு வந்தால் தாய் கூரை வேய்வதை ஒத்திப் போடுவதில்லையா? அதுபோல் என்று கொள்ளலாம். போதிய அளவு சேர்ந்ததும் கார்டிசாலே மூளைக்குச் சென்று, மேலும் சுரக்க வேண்டாம் எனத் தடுத்துவிடும்.

இதை நஞ்சு என்று எண்ணிவிடக் கூடாது. நாள்தோறும் விடியற்காலையில் நம்மைப் படுக்கையினின்று எழுப்பி நிறுத்துவதில் இதற்குப் பெரும் பங்கு உண்டு. கண் விழித்த அரை மணி நேரத்தில் உயர்ந்து, பகல் முழுதும் இறங்கி, நள்ளிரவை ஒட்டி மிகக் குறைவது இதன் இயல்பு. இச்சுரப்பி கெட்டால் மனிதன் மெலிந்து, கருத்து, சோர்ந்து சாவான் என்பதை இலண்டன் மருத்துவர் தாமஸ் அடிசன் 1855-லேயே எழுதி வைத்தார்.

கேடு விளைவது காலநீட்சியால். மான்ட்ரீல் நகரில் ஹான்ஸ் செலி என்னும் இளம் ஆராய்ச்சியாளர் எலிகளுக்குச் சுரப்பிச் சாறுகளை ஊசிவழி செலுத்திக்கொண்டிருந்தார். எலிகளை அறுத்துப் பார்த்தபோது அட்ரினல் புறணி பெருத்திருந்தது. நோய் எதிர்ப்புக்குரிய தைமஸ் சுருங்கியிருந்தது. இரைப்பையிலும் குடலிலும் புண்கள் இருந்தன. புதியதொரு ஹார்மோனைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று மகிழ்ந்தார். பின்னர் வேறு நச்சுப் பொருள்களைச் செலுத்திப் பார்த்தார். குளிரில் வைத்துப் பார்த்தார். ஓயாது ஓடவிட்டுப் பார்த்தார். எல்லாவற்றிலும் அதே மூன்று விளைவுகள்! மகிழ்ச்சி போயிற்று, ஆனால் அதைவிடப் பெரிய உண்மை கிடைத்தது. துன்பம் எதுவாயினும், நீடித்தால் உடல் ஒரே விதமாகத் தேய்கின்றது. 1936-இல் அவர் வெளியிட்ட அச்சிறு குறிப்பிலிருந்தே இன்று ஊரெல்லாம் புழங்கும் ‘ஸ்ட்ரெஸ்’ என்னும் சொல்லின் மருத்துவ வரலாறு தொடங்குகின்றது. நாம் மனஇறுக்கம் என்கின்றோம். எலிக்கு நேர்ந்தது மனத்தில் மட்டும் நேர்ந்ததன்று என்பதை நினைவிற் கொள்க.

மனிதனுக்குக் குளிரும் ஓட்டமும் மட்டுமா பாம்பு? செர்மனியின் டிரியர் நகரப் பல்கலைக்கழகத்தில் 1993-இல் ஒரு சோதனை முறை வகுத்தனர். ஒருவரைச் சிரிக்காத, தலையசைக்காத குழுவினர் முன் நிறுத்தி, தம் தகுதிகளைப் பற்றி ஐந்து நிமிடம் பேசச் செய்தனர். பின்னர் 1022-லிருந்து பதின்மூன்று பதின்மூன்றாகக் கழித்துக்கொண்டே வரச் செய்தனர். தவறினால், மீண்டும் முதலிலிருந்து! முன்னும் பின்னும் எச்சிலை எடுத்துச் சோதித்தபோது, பலருக்குக் கார்டிசால் இரண்டு மூன்று மடங்கு உயர்ந்திருந்தது. அடியில்லை, வசையில்லை, அளந்து பார்க்கும் முகங்கள் மட்டுமே. 2004-இல் டிக்கர்சன், கெமனி என்னும் இரு அறிஞர்கள் இத்தகைய 208 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தனர். இரண்டு நிலைமைகள் சேருமிடத்தில் கார்டிசால் மிக உயர்ந்து, மிக மெதுவாகத் தணிகின்றது என்று கண்டனர். பிறர் தன்னை மதிப்பிடுகின்றனர் என்பது ஒன்று. விளைவு தன் கையில் இல்லை என்பது மற்றொன்று.

இதைப் படித்தபோது எங்களுக்கு ஒரு வகுப்பறை நினைவுக்கு வந்தது. இவ்வில்லத்திற்கு வருமுன் எங்களுள் நால்வர் பயின்ற பள்ளி அது. பெயர் வேண்டாம். ஆண்டுதோறும் சூலைத் திங்களில் ஆசிரியர் ஒரு தாளுடன் வருவார். “உதவித்தொகைக்காரர்கள் எழுந்து நில்லுங்கள்” என்பார். நாங்கள் எழுவோம். தந்தை பெயர், ஊர், சாதி ஆகியவற்றை உரக்கப் படித்துச் சரிதானா என்று கேட்பார். அவர் கொடியவர் அல்லர். படிவம் பிழையின்றி நிரம்ப வேண்டும் என்பதே அவர் கவலை. அமர்ந்த பின் அடுத்த பாடவேளையில் கணக்கு ஏறாது. ஆசிரியர் பேசுவது கேட்கும், பொருள் விளங்காது. அறிவுக் குறைவு என்றே அந்நாளில் நாங்கள் நம்பினோம்.

உலக வங்கியைச் சேர்ந்த கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே ஆகிய இரு பொருளியல் அறிஞர்கள் உத்தரப் பிரதேசச் சிற்றூர்களில் ஓர் ஆய்வு நடத்தி, 2004-இலும் 2006-இலும் முடிவுகளை வெளியிட்டனர். ஆறு, ஏழாம் வகுப்பு மாணவர்கள். உயர்சாதியினர் எனப்படுவோர் 321 பேர், தாழ்த்தப்பட்டோர் 321 பேர். தாளில் வரைந்த சிக்கல் வழிகளைத் தீர்க்க வேண்டும், தீர்த்ததற்கேற்பக் காசு. எவர் என்ன சாதி என்பதைக் கூறாதபோது, இரு சாராருக்கும் வேறுபாடே இல்லை. பின்னர் வேறு குழுக்களில், தொடங்குமுன் ஒவ்வொருவர் பெயர், ஊர், தந்தை பெயர், பாட்டன் பெயர், சாதி ஆகியவற்றை எல்லார் முன்னிலையிலும் படித்தனர். நம் பிள்ளைகள் பின்தங்கிவிட்டனர்! ஒரு தாளைப் படித்ததுதான் நடந்தது. இன்னுமொன்று உண்டு. பரிசுக்குரியவரைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுப்போம் என்று கூறியபோது, அவ்வேறுபாடு மறைந்து போயிற்று. நேர்மையாக மதிப்பிட மாட்டார்கள் என்னும் ஐயமே கையைக் கட்டியிருந்தது என்று ஆய்வாளர்கள் கருதினர்.

அவ்வாய்வில் எவருடைய எச்சிலும் சோதிக்கப்படவில்லை. ஆகவே அப்பிள்ளைகளின் கார்டிசால் உயர்ந்தது என்று நாங்கள் சாதிக்க மாட்டோம். ஆனால் டிரியர் நகரத்து அறையில் இருந்த இரண்டு நிலைமைகளும் அச்சிற்றூர் அறையிலும் இருந்தன என்பதைக் கூறலாம். மூளையில் நினைவுக்குரிய ஹிப்போகேம்பஸ் என்னும் பகுதி இவ்வகை ஹார்மோனை ஈர்த்துக்கொள்வதை 1968-இல் எலிகளில் புரூஸ் மெக்கீவன் காட்டியிருக்கின்றார் என்பதையும் கூறலாம். மேடையில் மனப்பாடப் பாட்டு மறந்துபோவது எல்லாச் சாதியாருக்கும் உண்டு. ஒரு சிலருக்கு மட்டும் வகுப்பறை முழுவதும் மேடையாகிவிடுகின்றது.

பாம்பு போய்விட்டால் உடல் ஓய்கின்றது. போகாத பாம்புக்கு உடல் என்ன செய்யும்? காவலை நிறுத்தாது. குருதியில் சர்க்கரை உயர்ந்தே நிற்கும், வயிற்றைச் சுற்றிக் கொழுப்புச் சேரும், குருதி அழுத்தம் ஏறும், உறக்கம் கெடும். சிலரிடம் கார்டிசாலின் நாளொழுங்கே குலைந்து, காலையில் ஏற வேண்டியது ஏறாமலும், இரவில் இறங்க வேண்டியது இறங்காமலும் போகின்றது. இலண்டன் அரசு அலுவலகங்களில் 1967-இல் தொடங்கிய ஓர் ஆய்வில், கடைநிலை ஊழியர் இதய நோயால் இறக்கும் வீதம் உயர் அதிகாரிகளுடையதைப் போல் மூன்று மடங்குக்கும் மேலாக இருந்தது. எவரும் பட்டினி கிடந்தவரல்லர். புகைப்பழக்கமும் கொழுப்பும் அவ்வேறுபாட்டின் ஒரு பகுதியையே விளக்கின. மைக்கேல் மார்மட் தலைமையில் 1985-இல் தொடங்கிய இரண்டாம் ஆய்வில் 10,308 ஊழியர்கள் சேர்க்கப்பட்டனர். தம் வேலையின்மேல் தமக்கு அதிகாரம் குறைந்தவர்களிடையே இதய நோய் மிகுந்திருந்ததை அது காட்டியது. நம்மவர் வீடுகளில் ஐம்பது வயதுக்கு முன்பே வரும் சர்க்கரை நோயையும் மாரடைப்பையும் காணும்போது, உப்பும் எண்ணெயும் மட்டுமே காரணம் என்று அறிவுரை கூறிவிட்டுப் போவது எங்களுக்கு இயலவில்லை.

தாய்மார்களுக்கு ஒரு செய்தி. அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில், நினைவிழந்த உறவினரை வீட்டில் வைத்துப் பராமரித்து வந்த 13 பெண்களின் முன்கையில், அவர்கள் இசைவுடன் மூன்றரை மில்லிமீட்டர் அளவில் ஒரு சிறு புண் உண்டாக்கி, அது ஆறும் நாட்களை எண்ணினர். அதே வயதுடைய மற்ற 13 பெண்களைக் காட்டிலும் இவர்களுக்குப் புண் ஆறச் சராசரியாக 9 நாட்கள் கூடுதலாயின. 1995-இல் வெளிவந்த ஆய்வு அது. காட்டு வேலை, வீட்டு வேலை, நோயாளி மாமியார், குடிக்கும் கணவன் என்று நான்கையும் சுமக்கும் நம் பெண்கள், “எனக்கென்ன நோய், எதுவுமில்லை” என்று சொல்லிப் புண்ணுக்கு மஞ்சள் பூசிக்கொள்வதை அன்றாடம் பார்க்கின்றோம்.

இங்கே விலகிச் சென்று ஒன்று சொல்லியாக வேண்டும். கார்டிசாலின் இனமான கார்டிசோன் மூட்டுவாத நோயாளிகளுக்குப் பெரும் நன்மை தந்தது; அது உள்ளிட்ட அட்ரினல் புறணி ஹார்மோன்களைப் பற்றிய கண்டுபிடிப்புகளுக்காக மூவர்க்கு 1950-இல் நோபல் பரிசு கிடைத்தது. அவ்வினத்து மாத்திரைகளே ஸ்டீராய்டு எனப்படுபவை. மருத்துவர் அளவறிந்து கொடுத்தால் உயிர் காக்கும் மருந்து. ஆனால் நம் ஊர்களில் மூட்டுவலிக்கும் இளைப்புக்கும், சீட்டின்றிக் கடையில் வாங்கி மாதக்கணக்கில் விழுங்குவோர் உளர். முகம் உப்பும், அதைச் சதைப்பிடிப்பு என்று மகிழ்வர். சர்க்கரை ஏறும், எலும்பு மெலியும், அம்மை முதல் காசம் வரை எதையும் தாங்கும் ஆற்றல் குறையும். வெளியிலிருந்து வருவதால் உடலின் சுரப்பி தன் வேலையை நிறுத்திவிடும். அந்நிலையில் மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் மயங்கி விழுந்து உயிருக்கே ஆபத்து நேரலாம். ஆகவே, உண்பவர் எவரேனும் இங்கிருந்தால், இன்றே விட்டுவிடுகிறேன் என்று சூளுரைக்க வேண்டாம். மாத்திரை அட்டையோடு அரசு மருத்துவமனைக்குச் சென்று, படிப்படியாகக் குறைக்கும் வழி கேளுங்கள். முகம் வெளுக்கவென்று விற்கும் சில களிம்புகளிலும் இதே சரக்கு உண்டு என்பதைத் தங்கையர் கவனிக்க.

இனி, செய்யத் தக்கது யாது? மூச்சை இழுத்து விடுக, மனத்தை அமைதியாக வைத்துக்கொள்க என்று அறிவுரைப்போர் பலர். தவறில்லை, தேர்வு அறைக்குச் செல்லுமுன் மெல்ல மூச்சு விட்டால் படபடப்புத் தணியும். நல்ல உறக்கமும், நடையும், வேளைக்கு உணவும் உதவும். ஆனால் எழுந்து நிற்கச் சொல்லித் தாள் படிப்பவர் படித்துக்கொண்டே இருக்க, நிற்பவனை மட்டும் மூச்சுப் பயிற்சி செய்யச் சொல்வது எங்களுக்கு ஒப்பவில்லை.

பிள்ளைகளின் கார்டிசாலைத் தணிப்பதில் அருகிலிருக்கும் அன்புடையார்க்குப் பங்குண்டு என்பது ஆய்வுகளில் உறுதிப்பட்ட செய்தி. மின்னசோட்டாவின் மேகன் குன்னார் குழுவினர் 2015-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், 9, 10 வயதுப் பிள்ளைகள் மேடையேறுமுன் பெற்றோர் அருகிருந்தால் கார்டிசால் உயரவில்லை. 15, 16 வயதினர்க்கோ பெற்றோர் துணை அவ்வாறு பயன் தரவில்லை. விடுதி நடத்துவோர் இதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். மீசை அரும்பும் வயதில் வந்து சேரும் பிள்ளைக்குத் தாயும் தொலைவில், தாயால் தணியும் வயதும் கடந்துவிட்டது.

நாங்கள் இங்கு வந்து சேர்ந்த முதல் வாரத்தை இல்லக் காப்பாளர் ஐயா மறந்திருக்க மாட்டார். மாலை ஏழு மணிக்கே புத்தகத்தின்மேல் சாய்ந்து உறங்கிவிடுவோம். விடிந்தும் எழமாட்டோம். காய்ச்சலோ, சோகையோ என்று அஞ்சி மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். நோய் ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டனர். இரண்டு வாரத்தில் அது தானே சரியாயிற்று. எதனால் அவ்வளவு உறங்கினோம் என்பது அப்போது எங்களுக்கும் தெரியாது. அருகில் படுத்திருந்த எவனும் எங்கள் ஊரின் எந்தப் பக்கத்தில் எங்கள் வீடு என்று கேட்கவில்லை என்பது மட்டும் நினைவிருக்கின்றது.

இறுதியாக, விழாக் குழுவினர்க்கு ஒரு வேண்டுகோள். புதிய கட்டடத்தின் கூடத்தில், நன்கொடையாளர் பார்வைக்கென, இவ்வாண்டு உதவி பெறும் மாணவர்களின் பெயர், தந்தை பெயர், ஊர், சாதி உட்பிரிவு ஆகியவற்றை எழுதிய பலகை ஒன்று நிறுவப்படும் என அழைப்பிதழில் கண்டோம். நல்லெண்ணத்தில் எடுத்த முடிவே. நம் அடையாளத்தை மறைப்பதா என்று சிலர் கேட்கலாம். மணி அடித்த பின் வகுப்புக்குள் நுழைந்த சீனிவாசனார்தாம் 1893-இல் ‘பறையன்’ என்னும் பெயரிலேயே இதழ் தொடங்கினார். அப்பெயரை அவரே தேர்ந்தார், அவரே அச்சிட்டார், வாங்கிப் படிக்குமாறு ஊருக்கு அளித்தார். பதினான்கு வயதுச் சிறுவனைக் கேளாமல் அவன் தந்தை பெயரையும் சாதியையும் சுவரில் எழுதுவது அதுவன்று. நன்கொடையாளர் கணக்குக் கேட்டால் அலுவலகப் பேரேட்டைக் காட்டலாம்.

பலகைக்கு மரம் வந்து இறங்கிவிட்டதாக அறிகின்றோம். வீணாக வேண்டியதில்லை. நூலகம் திறந்திருக்கும் நேரத்தையும், விளக்கணைக்கும் நேரத்தையும், திங்கள்தோறும் பெற்றோர்க்குக் குருதி அழுத்தம் பார்க்கும் நாளையும் அதில் எழுதலாம். அழுத்தம் பார்க்கும் கருவியை முதல் அணி மாணவர்கள் சார்பில் இன்று அலுவலகத்தில் ஒப்படைத்திருக்கின்றோம்.